சரக்கு இருப்புக் கணக்கு: எக்செல் போதுமா, டேட்டாபேஸ் வேண்டுமா?

எங்கள் சித்தப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பைப், ஃபிட்டிங்ஸ், ஒயர், பெயின்ட், ஆணி, சிமென்ட் எல்லாம் உண்டு. கடை மெயின் ரோட்டில், குடோன் இரண்டு தெரு தள்ளி. ஐந்து வருடம் அந்தக் கடையின் இருப்பை எக்செலில் எழுதியது நான்தான். பிறகு அதை டேட்டாபேஸுக்கு, அதாவது ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளில் கணக்கை வைத்து நாம் சொன்ன விதிகளைத் தானே காக்கும் மென்பொருளுக்கு, மாற்றியதும் நான்தான். அதனால் புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது இதைத்தான்: "எத்தனை ஐட்டம் வரைக்கும் எக்செல் தாங்கும்?"

ஐட்டம் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எக்செலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள் உண்டு. ஒரு நாளைக்கு 150 வரி, வருடத்துக்கு 300 நாள் என்று எழுதினால் 45,000 வரி ஆகும். இருபது வருடக் கணக்கு ஒரே ஷீட்டில் அடங்கிவிடும். முடிவு செய்ய வேண்டியவை வேறு இரண்டு. அந்தக் கணக்கில் எத்தனை கை எழுதுகிறது? ஒரு பொருளையே எத்தனை விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எக்செலா டேட்டாபேஸா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாதவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

முதல் வாரம்: கணினியைத் திறக்க வேண்டாம்

ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுக்க, சரக்கு எங்கெல்லாம் அசைகிறதோ அதையெல்லாம் எழுதுங்கள். லாரியில் வந்து இறங்குவதும் கவுன்டரில் விற்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது மற்றவைதான். குடோனிலிருந்து பையன் சைக்கிளில் எடுத்து வரும் இரண்டு பெட்டி எல்போ. வேலை முடிந்ததும் மீந்ததைப் பிளம்பர் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பது. எலி கடித்த ஒயர், மழைச் சாரலில் இறுகிப்போன சிமென்ட் மூட்டை. நம் வீட்டுக் குழாய்க்கு நாமே எடுத்துப்போன வால்வு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை எழுதவேண்டியவர் யார் என்றும் குறியுங்கள். "யாரும் எழுதுவதில்லை" என்று வரும் இடங்களில்தான் உங்கள் இருப்பு கசிகிறது.

இது நம் வசதிக்கு மட்டுமான வேலை இல்லை. ஜிஎஸ்டி விதி 56, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனை மீது குறைந்த விகிதத்தில் வரி கட்டும் திட்டம்) இல்லாத ஒவ்வொரு பதிவு பெற்ற வியாபாரியும் சரக்குக் கணக்கு வைத்திருக்கவேண்டும் என்கிறது. தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, திருடுபோனது, அழிந்தது, இலவச சாம்பிளாகவோ அன்பளிப்பாகவோ கொடுத்தது, மீதி இருப்பு என எல்லாம் அதில் இருக்கவேண்டும். அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்கைப் பாதுகாக்கவும் வேண்டும். எக்செலோ டேட்டாபேஸோ, ஆறு வருடம் கழித்தும் திறந்து படிக்கும்படி இருக்கவேண்டும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

பொருள் பட்டியல்: பெயரும் அளவும்

எக்செலில் முதல் ஷீட்டுக்குப் "பொருள்" என்று பெயர் வையுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே வரி, ஒரே கோடு (அடையாளக் குறியீடு). எங்கள் கடையில் ஒரே எல்போ மூன்று பெயரில் இருந்தது: "எல்போ அரை", "அரை இஞ்ச் எல்போ", "சிபிவிசி எல்போ". இருப்பும் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. மூன்றையும் கூட்டினால் 140, தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே குறைவு. அதை நம்பி இன்னும் 200 ஆர்டர் போட்டோம்.

கோடில் விலையையோ சப்ளையர் பெயரையோ சேர்க்காதீர்கள், இரண்டும் மாறக்கூடியவை. கோடு எழுத்தில் தொடங்கட்டும். 0045 என்று எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் தின்றுவிட்டு 45 என்று காட்டும். பார்கோடிலும் இதே தொல்லை. இந்தியப் பொருள்கள் பலவற்றின் பார்கோடு 890 என்று தொடங்கும் 13 இலக்க எண். அதை அப்படியே ஒட்டினால் எக்செல் பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். அந்தக் காலத்தை (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசையை) முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று சைஸ். சைஸ் காலத்தில் 3/4 என்று அடித்தால் எக்செல் அதை ஏப்ரல் 3 ஆக்கிவிடும். 1/2 என்றால் பிப்ரவரி 1. பிறகு அதை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பழைய சைஸ் திரும்பாது. சம்பந்தமே இல்லாத ஓர் ஐந்து இலக்க எண்தான் வரும். இது நம் கடைச் சிக்கல் மட்டுமில்லை. சில மனித மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. 2020-இல் அதற்கான விதிமுறையையும் வெளியிட்டது. நாங்கள் இஞ்ச்சை விட்டுவிட்டு மில்லிமீட்டருக்கு மாறினோம். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில் அரை இஞ்ச்சுக்கு 15, முக்கால் இஞ்ச்சுக்கு 20, ஒரு இஞ்ச்சுக்கு 25. பைப்பிலேயே அச்சாகியிருப்பதால் பையன்களுக்கும் குழப்பமில்லை.

அடுத்தது அளவு. ஆணியை மூட்டையில் வாங்கிக் கிலோவில் விற்கிறோம். இதற்கு எழுதும் அளவைக் கிலோவாக வைத்துக்கொண்டு, ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ என்று பக்கத்தில் ஒரு காலம் போட்டால் முடிந்தது. ஒயரும் பைப்பும் அப்படியில்லை. வீட்டு ஒயர் 90 மீட்டர் சுருளாக வரும். இருப்பு 90 மீட்டர் என்று கணக்கு காட்டும். ராக்கில் போய்ப் பார்த்தால் 15 மீட்டர், 12 மீட்டர் என்று ஆறேழு துண்டுகளாகக் கிடக்கும். வாடிக்கையாளர் கேட்பதோ ஒட்டில்லாத 40 மீட்டர். அதனால் முழுச் சுருளுக்கு ஒரு கோடு, வெட்டு ஒயருக்கு ஒரு கோடு என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். சுருளைப் பிரிக்கும்போது இரண்டு வரி எழுதுங்கள்: சுருளில் 1 கழிவு, வெட்டில் 90 வரவு. இது கூடுதல் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத கடைகளில் ஒயர் கணக்கு சரியாக வந்து நான் பார்த்ததில்லை.

சிட்டை எழுதுங்கள், இருப்பை எழுதாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் எக்செலில் பொருள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பை எழுதுகிறார்கள். 50 இருந்தது, 6 விற்றது, 50-ஐ அழித்துவிட்டு 44 என்று அடிக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கணக்கில் 37, ராக்கில் 31. அந்த 6 எங்கே போனது? அழித்துவிட்ட எண்ணிடம் கேட்க முடியாது.

நம் பழைய மண்டிக் கணக்கில் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை. நடந்ததெல்லாம் நாள் வரிசையில் சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்துதான் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டில் ஒரு தொகையில் சந்தேகம் வந்தால் சிட்டையைப் புரட்டலாம். எக்செலிலும் அதையே செய்யுங்கள்.

இரண்டாவது ஷீட்டின் பெயர் "சிட்டை". ஒரு அசைவுக்கு ஒரு வரி. தேதி, பொருள் கோடு, எண்ணிக்கை (வந்தால் கூட்டல், போனால் கழித்தல்), என்ன வகை (கொள்முதல், விற்பனை, திரும்பியது, சேதம், இடமாற்றம், திருத்தம்), கடையா குடோனா, பில் எண், எழுதியவர். இந்த ஏழு காலம் போதும். எழுதிய வரியை அழிக்கக்கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதை நேர்செய்ய இன்னொரு வரி எழுதுங்கள்.

மூன்றாவது ஷீட் "இருப்பு". இதில் யாரும் கையால் எதையும் அடிப்பதில்லை. சம்இஃப்ஸ் ஃபார்முலா சிட்டையிலிருந்து கோடுவாரியாகக் கூட்டித் தரும். கடைக்கு ஒரு காலம், குடோனுக்கு ஒரு காலம். ஷீட்டைப் பூட்டி வையுங்கள். சிட்டையில் கோடு அடிக்கும் இடத்தில் டேட்டா வேலிடேஷன் போட்டுப் பொருள் பட்டியலில் இல்லாத கோடு ஏறாமல் தடுங்கள். மாதத்துக்கு ஒரு ஷீட் தொடங்காதீர்கள், ஒரே சிட்டை தொடர்ந்து ஓடட்டும். செல்களை மெர்ஜ் செய்வது, "மஞ்சள் கலர் போட்டால் ஆர்டர் போட்டாச்சு" என்று வண்ணத்தில் விஷயம் சொல்வது இரண்டும் வேண்டாம். ஃபார்முலாவுக்கு வண்ணம் தெரியாது.

ஆர்டர் எப்போது போடுவது என்பதையும் இதே ஷீட் சொல்லும். 15 மி.மீ. எல்போ நாளைக்குச் சராசரியாக 12 போகிறது. சப்ளையரிடமிருந்து வர 5 நாள். 60 வேண்டும். லாரி தாமதத்துக்கு ஒரு 20 சேர்த்தால் 80. இருப்பு 80-க்குக் கீழே இறங்கினால் சிவப்பாகும்படி வைத்துவிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, நாளைக்கு ஒரு ராக் எண்ணுவது மேல். வித்தியாசம் இருந்தால் "திருத்தம்" என்று வரி போட்டுக் காரணம் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் திருத்த வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எங்கள் கடையில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: லாரியில் வந்ததைப் பிரித்து எண்ணாமல், பில்லில் இருந்ததைப் பார்த்து ஏற்றியது.

எக்செலோடு நிற்கலாமா?

எழுதுவது ஒருவர், சரக்கு இருப்பது ஓரிடம், அல்லது பக்கத்துப் பக்கத்தில் இரண்டிடம், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் முக்கியமில்லை. உங்கள் கடை இப்படியென்றால் எக்செலிலேயே இருங்கள். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். இன்று ஒரு காலம் கூட்டவேண்டும் என்று தோன்றினால் இன்று மாலையே கூட்டிக்கொள்ளலாம், அதற்காக யாருக்கும் போன் போடவேண்டியதில்லை. இந்தச் சுதந்திரம் தொடக்க வருடங்களில் ரொம்பப் பெரிது. உங்கள் வியாபாரத்துக்கு என்ன கணக்கு வேண்டும் என்பதே உங்களுக்கு அப்போதுதான் புரிந்துகொண்டு வரும்.

ஒரே எச்சரிக்கை, கோப்பைப் பழைய எக்ஸ்.எல்.எஸ் வடிவில் சேமிக்காதீர்கள். அதில் 65,536 வரிதான் உண்டு. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு கோவிட் பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவின் வழியாக அனுப்பியது. கோப்பு நிரம்பியபின் வந்தவை உதிர்ந்துபோய், 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

எங்கே விரிசல் விடும்?

முதல் அறிகுறி கோப்புப் பெயரில் தெரியும். "ஸ்டாக் புதுசு", "ஸ்டாக் புதுசு ஃபைனல்", "ஸ்டாக் குடோன் ஃபைனல் 2". இரண்டு பேர் இரண்டு பிரதியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் பலர் கூகுள் ஷீட்ஸுக்குப் போகிறார்கள். நல்ல அடுத்த படிதான். பலர் ஒரே நேரத்தில் எழுதலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் கிடைக்கும். ஒரு கோப்பில் 1 கோடி செல் வரை இடமுண்டு. இரண்டு மூன்று பேர் எழுதும் கடைக்கு இது சில வருடம் தாங்கும்.

ஆனால் அதனாலும் தீராத சிக்கல்கள் உண்டு. கடைசியாக ஒரே ஒரு பால் வால்வு இருக்கிறது. கவுன்டரில் இருப்பவரும் போனில் ஆர்டர் எடுப்பவரும் ஒரே நிமிடத்தில் ஷீட்டைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் 1 என்றே தெரிகிறது. இருவரும் விற்றுவிடுகிறார்கள். ஷீட் இரண்டு வரியையும் ஏற்றுக்கொண்டு இருப்பை மைனஸ் 1 என்று காட்டும், தடுக்காது. டேட்டாபேஸில் "பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது" என்று ஒரு விதியை எழுதி வைக்கலாம். முதலில் வந்தவருக்கு வால்வு கிடைக்கும், இரண்டாமவருக்கு அந்த நொடியே "இருப்பு இல்லை" என்று வரும்.

இன்னொன்று, பாதியில் நிற்கும் வேலை. குடோனிலிருந்து கடைக்கு 20 மூட்டை சிமென்ட் மாற்றுகிறீர்கள். குடோனில் 20 கழித்து எழுதியாயிற்று. கடையில் கூட்டி எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது, அல்லது ஆள் வந்து பேச்சு கொடுத்துவிட்டார். 20 மூட்டை கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. டேட்டாபேஸில் இந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடலாம். இரண்டும் ஏறும், அல்லது இரண்டுமே ஏறாது. இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். டேட்டாபேஸ் வேண்டும் என்பதற்கு என்னிடம் கேட்டால் முதல் காரணமாக இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, ஒரு பொருளையே பிரித்துப் பார்க்கவேண்டிய நிலை. மருந்துக் கடையில் "பாராசிட்டமால் 400 அட்டை" என்றால் போதாது. எந்த பேட்ச், எப்போது காலாவதி என்று தெரியவேண்டும். மளிகை மொத்த வியாபாரத்திலும் அப்படித்தான். சிமென்ட்டும் நாளாக நாளாக வலு குறையும் சரக்கு, முதலில் வந்த மூட்டை முதலில் போகவேண்டும். பேட்ச், இடம், விலை, சப்ளையர் என்று ஒரு பொருளுக்கு நான்கு கிளை விட்டால் எக்செலில் அதே விவரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டி வரும். சப்ளையரின் ஜிஎஸ்டி எண் மாறினால் 300 வரியில் மாற்றவேண்டும், அதில் நாலைந்து விட்டுப்போகும். டேட்டாபேஸில் சப்ளையர் ஒரு தனி அட்டவணை. அங்கே ஒரே இடத்தில் மாற்றினால் போதும், மற்ற அட்டவணைகள் சப்ளையரின் கோடை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். இன்று நீங்கள் வாங்கும் பில்லிங் மென்பொருளின் உள்ளேயும் பெரும்பாலும் அந்த யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றில் இரண்டு உங்கள் கடையில் வந்துவிட்டால் மாறும் நேரம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். மருந்துக் கடைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, காலாவதிக்காகவே முதல் நாளிலிருந்து டேட்டாபேஸில் தொடங்குங்கள்.

வாங்குவதா, கட்டுவதா?

பெரும்பாலான கடைகளுக்கு என் பதில், வாங்குங்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருள், ஜோஹோ இன்வென்டரி போன்ற இணையச் சேவை எல்லாமே உள்ளுக்குள் டேட்டாபேஸ்தான். பில் போடும்போதே இருப்பு குறைவதால் தனியாகச் சிட்டை எழுதும் வேலை மிச்சம். வாங்குமுன் டெமோ காட்டுபவரிடம் உங்கள் சரக்கையே கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு சுருளைப் பிரித்து 12 மீட்டர் விற்றுக்காட்டட்டும். பிளம்பர் திருப்பிக் கொடுத்த மூன்று எல்போவை வரவு வைக்கட்டும். நெட் இல்லாதபோது பில் போடட்டும். பழைய பில்லைத் திருத்தினால் யார் திருத்தியது என்ற தடம் இருக்கிறதா என்று காட்டட்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு, 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் இந்தத் தடம் சட்டப்படியே கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, என் சரக்குப் பட்டியலும் சிட்டையும் முழுதாக எக்செல் கோப்பாக வெளியே வருமா என்று கேளுங்கள். வராது என்றால், எவ்வளவு மலிவானாலும் அந்த மென்பொருள் வேண்டாம். நாளைக்கு நீங்கள் வேறு இடம் போக நினைத்தால் உங்கள் கணக்கு உங்களோடு வரவேண்டும்.

சொந்தமாகக் கட்டும் ஆசையும் நேரமும் உள்ளவர்களுக்கு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் நல்ல தொடக்கம். இலவசம், மொத்தமும் ஒரே கோப்பு, உங்கள் கைப்பேசிக்குள்ளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்தக் கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டு இரண்டு கணினியில் திறக்காதீர்கள், கெட்டுப்போகும். பல கணினி என்றால், பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் பக்கம் போகவேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஃபார்ம் வரைவது சுலபம், கோப்புக்கு 2 ஜிபி வரம்பு உண்டு. எதில் கட்டினாலும் நான்கு அட்டவணையில் தொடங்குங்கள்: பொருள், சப்ளையர், இடம், சிட்டை. எக்செலில் சிட்டை எழுதிப் பழகியவர்களுக்கு இதில் புதிது எதுவும் இருக்காது.

மாறும் நாள்

ஏப்ரல் 1 வசதியான நாள், நிதியாண்டு தொடக்கம். மார்ச் கடைசி ஞாயிறுகளில் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். இரட்டைப் பெயர்களைச் சேருங்கள், இரண்டு வருடமாக அசையாத சரக்கைத் தனியாகக் குறியுங்கள். மார்ச் 31 இரவு கையால் எண்ணிய எண்ணிக்கையே தொடக்க இருப்பு. எக்செல் காட்டும் எண்ணை நம்பி ஏற்றாதீர்கள், பழைய பிழையும் கூடவே வந்துவிடும். பழைய சிட்டை வரிகளையும் ஏற்றவேண்டாம், எக்செல் கோப்பாகவே 72 மாதக் கணக்குக்காக எடுத்து வையுங்கள்.

பொருள் பெயர்கள் தமிழில் இருந்தால் சிஎஸ்வியாக (பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவும் எளிய எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். முதலில் 20 பொருளை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

முதல் இரண்டு வாரம் வேகமாக ஓடும் 30 பொருளுக்கு மட்டும் பழைய எக்செலையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் எழுதச் சொன்னால் பையன்கள் இரண்டையும் அரைகுறையாக விட்டுவிடுவார்கள். தினமும் கடை மூடுமுன் அந்த 30-ஐ ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் அன்றே காரணம் கண்டுபிடியுங்கள்.

மாறிய முதல் நாளிலிருந்தே பேக்கப் எடுங்கள். ஒரு பிரதி கடையில், ஒன்று வீட்டில் பென் டிரைவில், ஒன்று இணையத்தில். மாதம் ஒருமுறை வீட்டுப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய ஒரு பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் எட்டு மாதம் பேக்கப் எடுத்தோம். ஒன்பதாம் மாதம் ஹார்டு டிஸ்க் போனது. அப்போது திறந்து பார்த்தால் எட்டு மாதமும் ஒரு காலி ஃபோல்டரையே நகலெடுத்து வந்திருக்கிறோம். கடையை இரண்டு நாள் மூடி, முதல் ராக்கிலிருந்து திரும்ப எண்ணினோம்.